விழுந்து எழச் சொல்லித் தராத கலை உனக்கு வேண்டாம், தம்பி!

விடியற்காலை நாலே முக்கால். குந்தாரப்பள்ளிக் கூட்டு ரோட்டில் டீக்கடை பாய்லர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்று, தூக்கம் கலையாத முகங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. அந்த ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் வருவதும் இருட்டுக்குள் மறைவதுமாக ஏழெட்டுப் பையன்கள் ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்துக்குப் போகப் பழகும் பையன்கள்.

அதில் ஒருவன் ஓட்டம் முடித்து என் பக்கத்தில் வந்து நின்றான். செகண்ட் ஷிப்டு முடிந்து நள்ளிரவுக்கு வீடு சேர்ந்து, நாலரைக்கு எழுந்து ஓட வருகிறவன். காண்ட்ராக்ட் வேலை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"அண்ணா, மிலிட்டரிக்குப் போறவனுக்கு எந்தக் கலை சரியா வரும்? கராத்தேவா, பாக்ஸிங்கா, சிலம்பமா? ஒண்ணு சொல்லுங்க. அதையே கெட்டியா பிடிச்சுக்கறேன்."

அன்றைக்கு இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் போதாது என்று அன்று முதல் மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. தம்பி, இது உனக்கான முழுப் பதில். உன்னோடு ஓடிய அந்த ஏழெட்டுப் பேருக்கும், கிருஷ்ணகிரியிலும் சூளகிரியிலும் வேப்பனப்பள்ளியிலும் இதே கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு ஓடும் ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நீ கேட்டது சின்னப் பையன் கேள்வி அல்ல. உலகத்தின் பெரிய பெரிய படைகளெல்லாம் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. ஆயிரம் கிலோமீட்டர் பாயும் ஏவுகணை இருக்கும்போது கைச்சண்டை எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள். அவர்களிடம் ஒரு தேதியைச் சொல்: 2020 ஜூன் 15.

அன்று இரவு லடாக்கில், கல்வான் ஆற்றங்கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 14,000 அடி உயரத்தில், நம் வீரர்களும் சீனப் படையினரும் நேருக்கு நேர் மோதினார்கள். எல்லைக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் சுடக்கூடாது என்று இரு நாடுகளும் 1996-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருந்தது. துப்பாக்கி பேசவில்லை. கல்லும் கட்டையும் ஆணி அடித்த இரும்புக் கம்பியும் பேசின. எதிரியின் கழுத்தைப் பிடித்த கையும், வழுக்கும் பாறையில் ஊன்றிய காலும், உறைய வைக்கும் ஆற்று நீரும்தான் அன்றைய போர்க்களம். நம்மவர்கள் 20 பேர் உயிரைக் கொடுத்தார்கள். படையணித் தலைவர் கர்னல் சந்தோஷ் பாபு முன்னால் நின்று விழுந்தார்.

அந்த 20 பேரில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர்க்காரர், ஹவில்தார் பழனி. மறைவுக்குப் பின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் எந்தப் படைப்பிரிவு தெரியுமா? 81 ஃபீல்டு ரெஜிமெண்ட். பீரங்கிப் படை! எட்டிப் பார்த்தாலும் தெரியாத தொலைவுக்குக் குண்டு வீசுவது அந்தப் பிரிவின் வேலை. அப்படிப்பட்ட பிரிவைச் சேர்ந்த மனிதர், கடைசியில் கைக்கெட்டும் தூரத்தில் எதிரியைச் சந்தித்தார். பட்டாளத்தில் நீ கிளார்க்காகப் போகலாம், டிரைவராகப் போகலாம், சமையற்கட்டுக்குப் போகலாம். எந்த இரவு உன்னை எங்கே நிறுத்தும் என்று எவராலும் எழுதித் தர முடியாது.

கல்வானுக்குப் பிறகு நம் தரைப்படை தனக்கென ஒரு கைப்போர் முறையை வகுத்துக்கொண்டது. ஆர்மி மார்ஷியல் ஆர்ட்ஸ் ரொட்டீன் என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'அமர்' என்று வருகிறது. வடக்கே அதற்கு 'சாவில்லாதவன்' என்று பொருள் கொள்வார்கள். நம் தமிழில் அமர் என்றாலே போர். சங்க காலத்திலிருந்து நாம் புழங்கும் சொல் இன்று படை மைதானத்தில் ஒலிக்கிறது. எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை. உன்னைக் கூப்பிடும் குரலாகவே கேட்கிறது.

சரி, எந்தக் கலை?

கலையின் பெயரைத் தேடாதே. முதலில் சிப்பாயின் வேலையைப் பார். விளையாட்டு மேடையில் சண்டை போடுகிறவன் நன்றாகத் தூங்கி எழுந்து, உடம்பைச் சூடேற்றி, வெறுங்காலோடு, மெத்தென்ற தரையில், தன் எடைக்குச் சமமான ஒருவனோடு, நடுவர் முன்னால் மோதுகிறான். சிப்பாய் இரண்டு நாள் தூக்கமில்லாமல், காலில் பூட்ஸ், முதுகில் மூட்டை, கையில் 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள இன்சாஸ் துப்பாக்கியோடு, சேற்றிலோ பனியிலோ சரிவிலோ மோதுகிறான். எதிரே எத்தனை பேர் என்று அவனுக்குத் தெரியாது. மணி அடித்து நிறுத்த யாரும் இல்லை. பட்டாளம் பல காலமாக வைத்து வந்த உடல்திறன் சோதனைகளில் ஒன்று, போர்க்கருவிகளைச் சுமந்தபடி 5 கிலோமீட்டர் ஓடுவது. அந்த 5 கிலோமீட்டர் முடிந்த பிறகும் உன் கைக்கு எது ஞாபகம் இருக்கிறதோ அதுதான் உன் கலை. மற்றதெல்லாம் மேடைக்கு.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் நான் தவறான கதவைத் தட்டியவன்.

உன் வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு. வெள்ளைச் சட்டை. வரிசையாக நின்று காற்றைக் குத்தினோம், காற்றை உதைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரீட்சை, பரீட்சைக்குப் பணம், பணத்துக்கு ஒரு பெல்ட். மஞ்சள், பச்சை, நீலம் என்று இடுப்பில் நிறம் மாறிக்கொண்டே வந்தது. நாலு வருஷத்தில் ஒருவன்கூட என்னை முழு பலத்தோடு பிடித்துக் கீழே தள்ளியதில்லை. நானும் யாரையும் தள்ளியதில்லை. அப்பா தோட்டத்து மாங்காய் விற்ற காசு அது. பிறகு ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனேன். ஓட்டத்தில் எப்படியோ தேறினேன். பீம் வந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். நாலு முறை தாடை மேலே போயிற்று. ஐந்தாவது முறை போகவில்லை. மண்ணில் குதித்து நின்றபோது என் கைகளைப் பார்த்தேன். நாலு வருஷம் காற்றைக் குத்திய கைகள். என் உடம்பையே தூக்கத் தெரியாத கைகள்.

கராத்தேவைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மாணவர்களை எதிரெதிரே நிறுத்தி, மூக்கில் ரத்தம் வந்தாலும் கண்ணை மூடாதே என்று பழக்கும் கராத்தே ஆசான்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடு. நான் சொல்வது பயிற்சி நடக்கும் முறையைப் பற்றி. எதிரில் நிற்பவன் உன்னை எதிர்க்க வேண்டும். நீ சொன்னபடி ஆடுகிற ஆள் எதிரியல்ல, சினிமாவின் ஸ்டண்ட்காரர். எதிர்க்கும் உடம்போடு போராடிப் பழகாத எந்தக் கலையும், அது ஜப்பானில் பிறந்தாலும் சரி, நம்மூர் கோயில் மைதானத்தில் பிறந்தாலும் சரி, பட்டாளத்துக்கு உதவாது.

1882-இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கினார். பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவிட்டு, முழு பலத்தோடு மோதினாலும் கூட்டாளியின் எலும்பு முறியாத பிடிகளையும் எறிதல்களையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். கேட்பதற்கு மென்மையாகத் தோன்றும். ஆனால் அதனால்தான் ஜூடோக்காரன் தினமும் உண்மையாக மோத முடிந்தது. ஆபத்தான பிடியை வருஷத்துக்கு ஒரு முறை மெதுவாகச் செய்து பார்த்தவனைவிட, எளிய பிடியை நாள்தோறும் முரண்டு பிடிக்கும் ஆள்மேல் செய்தவன் கை பலித்தது. ஜூடோ கூடத்தில் முதல் நாள் சொல்லித்தருவது எதிரியை எறிவதை அல்ல, விழுவதை. தலை தரையில் படாமல், கையை விரித்து அடித்து, உருண்டு எழுவதை. லாரியின் பின்பக்கத்திலிருந்து மூட்டையோடு குதிக்கும் சிப்பாய்க்கு, பாராசூட்டில் இறங்கும் சிப்பாய்க்கு, ராத்திரி ரோந்தில் பள்ளத்தில் சறுக்கும் சிப்பாய்க்கு இதைவிடப் பெரிய பாடம் ஏது?

அமெரிக்காவின் ரேஞ்சர் படைக்காரர்களுக்கும் உன் கேள்வி வந்தது. 1995-இல் அவர்களுடைய இரண்டாவது பட்டாலியன் பழைய கைச்சண்டைப் பாடப் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு, மல்யுத்தம், ஜூடோ, ரஷ்யாவின் சாம்போ, தாய்லாந்தின் முவாய் தாய் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. கடைசியில் பிரேசிலின் ஜியு-ஜிட்சுவை அடித்தளமாகப் பிடித்தார்கள். காரணம் அதில் ஒளிந்திருந்த மந்திரம் எதுவுமில்லை. குறைந்த நாளில் கற்கலாம், முழு பலத்தில் பழகலாம், பழகினால் அடுத்த நாள் ஆள் வேலைக்கு வருவான். அந்த அடித்தளத்தின்மேல் குத்தையும் ஆயுதத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ட இன்னொரு உண்மையை நீ பச்சை குத்திக்கொள்ளலாம்: போரில் கைச்சண்டை என்பது தன் ஆயுதத்தைப் பறிகொடுக்காமல், கூட்டாளி வந்து சேரும்வரை எதிரியை மடக்கி வைக்கும் வேலை. ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிடும் வேலை கிடையாது. சினிமா உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறது.

அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கைச்சண்டை சொல்லிக்கொடுத்த ஃபேர்பேர்ன் என்ற மனிதர் இருந்தார். ஷாங்காய் நகரப் போலீசில் பல வருஷம் வேலை பார்த்து, தெருச்சண்டையில் கத்திக்குத்தும் அடியும் வாங்கிப் படித்தவர். ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றவர். அத்தனையும் தெரிந்த அவர் சிப்பாய்களுக்குக் கொடுத்தது விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில அடிகள்தான். பயத்தில் கை நடுங்கும்போதும் மறக்காத அடிகள். நூறு முறையை ஒரு தரம் செய்தவனாக இராதே தம்பி. ஒரு முறையைப் பத்தாயிரம் தரம் செய்.

இப்போது நம் மண்ணுக்கு வா.

குந்தாரப்பள்ளி என்றால் ஊரார் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையைச் சொல்வார்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே ஆட்டின் மேல் விலை பேசும் இடம். இது எப்போதுமே எல்லை மண். ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் மாறி மாறி மோதிய பாராமகால் இது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ராயக்கோட்டையும் அதற்குச் சாட்சி. அதற்கும் முன்னால், ஹொய்சள மன்னன் ராமநாதன் குந்தாணியைத் தலைநகராக்கி ஆண்டான். இந்த வட்டாரத்துச் சின்னகொத்தூர்தான் அந்தக் குந்தாணி. அந்தப் பக்கம் போனால் நடுகற்களைப் பார். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வரிசையாக நிற்கின்றன. ஆநிரையைக் கவர வந்தவனைத் தடுத்து விழுந்தவன், ஊரைக் காத்து விழுந்தவன், புலியோடு போராடி விழுந்தவன். அரசர்கள் அல்ல, பெரும்பாலும் உன்னையும் என்னையும் போன்ற ஊர்க்காரர்கள்.

அந்தக் கற்களின் முன்னால் நின்று கைகளைக் கவனி. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். அல்லது வில். அல்லது குறுவாள். கால் எட்டு வைத்து முன்னே ஊன்றியிருக்கும். உடம்பில் அம்பு தைத்திருக்கும். அப்போதும் கால் முன்னேதான் இருக்கும். சிப்பாயின் கலை ஆயுதம் பிடித்த கையின் கலை என்பதை எந்தப் பாடப் புத்தகத்துக்கும் முன்னால் இந்த மண்ணின் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன்: உன் ஊரில் நல்ல சிலம்ப ஆசான் இருந்தால், அவரை விட்டுவிட்டு வெளியூர் கலையைத் தேடி ஓடாதே. நெற்றி உயரக் கம்பு ஒன்று. அதன் விலை ஒரு பெல்ட் பரீட்சைக் காசுகூட ஆகாது. இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பிலிருந்து பலத்தை எடுத்து, காலடியை மாற்றி மாற்றி வைத்து வீசப் பழகியவனுக்கு, பயோனெட் மாட்டிய துப்பாக்கி புதுப்பொருளாகத் தோன்றாது. தூரத்தை அளக்கும் கண்ணும், சுற்றி நிற்கும் பலரை ஒரே நேரத்தில் கவனிக்கும் பழக்கமும் சிலம்பக்காரனுக்குத் தானாக வரும். கல்வானில் கட்டையும் கம்பியும்தான் ஆயுதம் என்பதை மறந்துவிடாதே. ஆயுதம் கையை விட்டுப் போனால் குத்துவரிசை இருக்கிறது. பிடியும் பூட்டும் இருக்கின்றன.

ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை. திருவிழாவில் கை தட்டல் வாங்கும் அலங்கார வீச்சோடு நின்றுவிடாதே. தீப்பந்தம் சுற்றுவது கண்ணுக்கு அழகு. எல்லையில் அதற்கு வேலை இல்லை. ஆசானிடம் போய், "ஐயா, எனக்குத் தொடுமுறை வேணும். எதிராளியோட மோத விடுங்க" என்று கேள். கணுக்காலில் அடி விழட்டும். முழங்கை வீங்கட்டும். வீட்டில் அம்மா எண்ணெய் தேய்த்துவிடட்டும். மறுநாள் அதே கம்போடு அதே எதிராளியின் முன்னால் போய் நில். அந்த மறுநாள்தான் உன் கலை தொடங்கும் நாள்.

நம் கலைக்கு மதிப்பில்லை என்று முணுமுணுப்பவர்களின் பேச்சையும் கேட்காதே. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. களரிப்பயட்டும் கட்காவும் தாங்-தாவும் போட்டியாகவே நடந்தன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் தமிழக அரசு சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. பஞ்சாபிக்குக் கட்கா, கூர்க்காவுக்கு குக்ரி என்று பெருமையோடு தூக்கிப் பிடிக்கும்போது, உனக்கு உன் கம்பைத் தூக்கிப் பிடிக்க என்ன கூச்சம்?

ஊரில் நல்ல சிலம்ப ஆசான் கிடைக்கவில்லையா? கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ குத்துச்சண்டை சொல்லித் தருகிறார்களா, ஜூடோ மெத்தை விரித்திருக்கிறார்களா, மல்யுத்தம் இருக்கிறதா என்று தேடு. மூன்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அது. பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய மிகச் சிறந்த வகுப்பைவிட, ஷிப்டு முடிந்து நடந்தே போகக்கூடிய சுமாரான வகுப்பு மேல். ஏனென்றால் அங்கே நீ நாளைக்கும் போவாய். சேர்வதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார். மாணவர்கள் வேர்த்துக் கொட்டுகிறார்களா? ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளுகிறார்களா? தோற்றவன் சிரித்துக்கொண்டே எழுந்து மறுபடி நிற்கிறானா? அப்படியென்றால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. சுவர் முழுக்கக் கோப்பையும் ஃபிளெக்ஸ் பேனருமாக இருந்து, தரை மட்டும் காய்ந்து கிடந்தால் திரும்பி வந்துவிடு.

ஒன்றைத் தேர்ந்துவிட்டால் மூன்று வருஷம் அதைவிட்டு நகராதே. ஆறு மாதத்துக்கு ஒரு கலை என்று தாவுகிறவன் எதிலும் அடி வாங்கும் கட்டத்துக்கே வருவதில்லை.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கலையும் உன்னை நேராகப் பட்டாளத்துக்குள் கொண்டுபோய் விடாது. வாசலில் நிற்பது எழுத்துத் தேர்வும் ஓட்டமும் பீமும்தான். 2022 ஜூனில் ஆள்சேர்ப்புக்கு அக்னிபத் திட்டம் வந்தது. 2023-இலிருந்து கணினித் தேர்வு முன்னால் வந்துவிட்டது. அதில் தேறினால்தான் மைதானம். அங்கே 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பீமில் 10 எடுத்தால் 40. அதோடு 9 அடிப் பள்ளம் தாண்டல், வளைந்து நெளிந்த கட்டையின் மேல் நடை. மாநில, தேசிய அளவில் ஆடியவருக்கும் என்.சி.சி. சான்றிதழ் வைத்திருப்பவருக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு. கலையை ஓட்டத்துக்குப் பதிலாக வைக்காதே. ஓட்டத்துக்குப் பக்கத்தில் வை. மாமரக் கிளையில் தொங்கு. அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன் என்று வருகிற புரோக்கரிடம் மட்டும் நிற்காதே. அவன் முன்னால் நீ நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உன் ஓட்டத்தில் ஒரு நொடி கூடுகிறது.

அப்புறம், தோல்வி வரும். ஒரு முறை வரும், இரண்டு முறை வரும். இமாச்சலப் பிரதேசத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்துப் பையன் ஒருவன் டெல்லியில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். பட்டாளத்தில் சேர முயன்றான். மூன்று முறை நிராகரித்தார்கள். நாலாவது முறையும் போய் நின்றான். சஞ்சய் குமார் என்று பெயர். 1999 ஜூலை 4. கார்கிலில் 4875 என்ற எண் கொண்ட சிகரத்தின் சரிவு. எதிரியின் பங்கர் ஒன்று இயந்திரத் துப்பாக்கியால் மொத்தப் படையையும் தடுத்து நிறுத்தியிருந்தது. 23 வயது சஞ்சய் குமார் தனியாக அதன் மேல் பாய்ந்தார். கைகலப்பில் மூன்று பேரை வீழ்த்தினார். உடம்பில் குண்டு பாய்ந்திருந்தது. எதிரி விட்டுவிட்டு ஓடிய இயந்திரத் துப்பாக்கியையே எடுத்து, ஓடியவர்கள்மேல் திருப்பினார். பரம் வீர் சக்ரா உயிரோடு வாங்கினார். மூன்று முறை வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பையன்! அந்தப் பங்கருக்குள் அவர் எந்தக் கலையின் எந்த அடியைப் பயன்படுத்தினார் என்று யாரும் பதிவு செய்யவில்லை. அவர் நிற்கவில்லை என்பதைத்தான் நாடு பதிவு செய்தது.

நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் போக மாட்டேன். பெங்களூரு அல்சூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைக்காரர்களுக்குச் செல்லப்பெயர் என்ன தெரியுமா? தம்பி! நான் உன்னைக் கூப்பிடும் அதே பெயர். அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போவதை உணர்ந்த கணத்தில், அதன் மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. குத்தும் உதையும் அங்கே இல்லை. ஆனால் யோசிக்கக்கூட நேரமில்லாத ஒரு நொடியில் உடம்பு பின்னால் போகாமல் முன்னால் போயிற்று. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வருஷப் பயிற்சி, இத்தனை அடி, இத்தனை விழுதல். நடுகல்லில் முன்னே ஊன்றிய கால் இதுதான்.

தங்கச்சி, நீ ஏன் ஓரமாக நிற்கிறாய்? குந்தாரப்பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் பெங்களூரு. அங்கே ராணுவப் போலீஸ் மையத்தில் 2021 மே மாதம் 83 பெண்கள் முதல் அணியாகப் பயிற்சி முடித்துச் சிப்பாய்களாக வெளியே வந்தார்கள். உன் வீட்டுப் பக்கத்தில் நடந்த சரித்திரம் அது. உன்னைவிட எடை கூடியவனைப் பிடித்து மடக்குவதற்கு ஜூடோவும் மல்யுத்தமும் உனக்கு அண்ணனைவிட அவசியம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கம்பு?" என்று கேட்பவரிடம் வாதாட வேண்டாம். கம்பைச் சுற்றிக் காட்டு.

காண்ட்ராக்ட் வேலை, மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம், சூப்பர்வைசரின் சத்தம், மாதக் கடைசியில் கையில் மிஞ்சாத சம்பளம். எல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. அந்தச் சோர்வோடு கூடத்துக்குப் போவது கஷ்டம் என்று நினைக்கிறாயா? அந்தச் சோர்வுதான் உன் சொத்து. நன்றாகத் தின்று தூங்கி எழுந்து பழகுகிறவனுக்குக் கிடைக்காத பயிற்சி உனக்குத் தினமும் கிடைக்கிறது. நின்று நின்று கால் மரத்த பிறகும் ஓடுகிறாயே, பட்டாளம் தேடுவது அந்தக் காலைத்தான். உன்னால் முடியுமா என்று என்னிடம் கேட்காதே. நாலு மணி நேரத் தூக்கத்தில் எழுந்து வந்து ரோட்டில் நிற்கிறாய். பாதிப் பதிலை நீயே சொல்லிவிட்டாய்.

மீதியைக் கூடத்தில் போய்ச் சொல். இந்த வாரமே ஒரு ஆசானைக் கண்டுபிடி. முதல் நாளே அவரிடம் விழச் சொல்லித் தரும்படி கேள்.

வெள்ளிக்கிழமை சந்தை நாள். விடிவதற்கு முன்பே ஆட்டு வண்டிகள் வந்து ரோட்டை அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு மட்டும் அரை மணி முன்னதாக வந்துவிடு, தம்பி. டீக்கடைப் பக்கம் நான் நிற்பேன்.